வயலாக இருந்த இடத்தில் எழும்பிய புதுவீட்டை வாங்கும் முன்

கேள்வி சுருக்கமாக இது. குடும்பம் கும்பகோணத்தில் வாடகைக்கு இருக்கிறது, கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். தஞ்சாவூர்ப் புறவழிச்சாலைக்கு அருகே ஒரு பெரிய கட்டுமான நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட தனி வீடுகளைக் கட்டி விற்கிறது. சில வருடங்களுக்கு முன்வரை நெல் விளைந்த இடம் அது. இரண்டு படுக்கையறை வீடு 44 லட்சம். பாதி வீடுகள் முடிந்துவிட்டன, இவர்கள் பார்த்த வீடு பேஸ்மட்டத்தில் நிற்கிறது. இந்த வாரமே 2 லட்சம் அட்வான்ஸ் கட்டினால் விலையில் சலுகை உண்டாம். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், அந்த 2 லட்சத்தை இந்த வாரம் கட்டாதீர்கள். கீழே சொல்லும் தாள்களைத் திரட்டிப் படிக்கவும் இடத்தை இரண்டு முறை போய்ப் பார்க்கவும் பத்துப் பதினைந்து நாள் ஆகும். நூறு வீட்டில் ஒரு வீடு அதற்குள் தீர்ந்துபோகாது. நிறுவனம் பெரியதாக இருந்தால் கம்பியும் காங்கிரீட்டும் ஓரளவு ஒழுங்காக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அந்த நிலத்துக்கு நிறுவனத்தைவிட வயது அதிகம். டெல்டாவில் புதுவீடு வாங்கியவர்கள் படும் பாட்டில் பெரும்பங்கு தரையிலிருந்தும் அந்தத் தரையின் பத்திரத்திலிருந்தும்தான் வருகிறது. மாதிரி வீட்டின் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

தரையிலிருந்து தொடங்குகிறேன். தஞ்சாவூரைச் சுற்றியே இரண்டு விதமான மண் இருக்கிறது. வல்லம் பக்கம் செம்மண்ணும் செம்புறாங்கல்லுமாக மேட்டுநிலம். அங்கே அதிக ஆழம் போகாமலே கெட்டித்தரை கிடைத்துவிடும். திருவையாறு, அம்மாப்பேட்டை, பாபநாசம் என்று கிழக்கிலும் வடக்கிலும் போகப் போக ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலும் களியும்தான். களிவயல் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழை வந்ததும் அதே மண் நீரைக் குடித்து உப்பிக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு முறை சுருங்கி விரியும் இந்த மண்மேல் மூன்றடி ஆழத்தில் அஸ்திவாரம் போட்டுக் கட்டினால், வீடும் கூடவே அசையும். ஆகவே இடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கேட்க வேண்டிய கேள்வியே மாறும்.

கேட்க வேண்டியது மண் பரிசோதனை அறிக்கை. பெரிய நிறுவனம் அதை எடுக்காமல் இருக்காது. எத்தனை இடத்தில் துளையிட்டுப் பார்த்தார்கள், எத்தனை அடியில் என்ன மண், நிலத்தடி நீர் எந்த ஆழத்தில், எந்த மாதத்தில் எடுத்தது, சதுர மீட்டருக்கு எத்தனை டன் தாங்கும் என்று அறிக்கை சொல்கிறது என்பதையெல்லாம் அதில் பாருங்கள். ஐந்தாறு ஏக்கருக்கு ஒரே ஒரு துளை போட்டிருந்தால் அது கணக்குக்காக எடுத்த அறிக்கை. மே மாதத்தில் பார்த்த நீர்மட்டத்தை நம்பிக் கட்டியிருந்தால் அதுவும் குறைதான். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும். அதன்பின் வாய்க்கால் ஓட ஓட நிலத்தடி நீர் ஏறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தால் பல இடங்களில் கையெட்டும் ஆழத்துக்கு வந்துவிடும்.

களிமண் என்று அறிக்கை சொன்னால், அஸ்திவாரம் அந்தச் சுருங்கி விரியும் அடுக்கைத் தாண்டிக் கீழே போயிருக்க வேண்டும். இதற்கு இங்கே வழக்கமாகச் செய்வது அடியில் குடைபோல் அகன்ற பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் காங்கிரீட் தூண். குழியைத் தோண்டி அடிப்பகுதியை மட்டும் அகலப்படுத்தி, கம்பிக்கூடு இறக்கிக் காங்கிரீட் நிரப்புவார்கள். மேலே எல்லாவற்றையும் பிளிந்த் பீமால், அதாவது சுவர்களுக்கு அடியில் ஓடும் காங்கிரீட் உத்தரத்தால் இணைப்பார்கள். களி உப்பும்போது பீமை மேலே தள்ளிவிடாதபடி பீமுக்கு அடியில் சிறிது இடைவெளி விடுவதும் இந்த முறையில் உண்டு. உங்கள் வீடு பேஸ்மட்டத்தில்தான் இருக்கிறது என்பதால் பைல் போட்டபோது எடுத்த படங்களையும் தேதியிட்ட அளவுப் பதிவையும் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்கு இப்போது குழி தோண்டினால் நேரில் போய் நின்று பார்ப்பது இன்னும் நல்லது.

அடுத்தது மேடு ஏற்றிய மண். வயல் பொதுவாகச் சாலையைவிட இரண்டு முதல் நான்கு அடி பள்ளம். அதை நிரப்ப கிராவல், சவுடு, சில இடங்களில் கட்டட இடிபாடு என்று கிடைத்ததைக் கொட்டுவார்கள். 20 முதல் 30 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு அடுக்கு பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, அதன்மேல் அடுத்த அடுக்கு என்று போனால்தான் மண் இறுகும். நான்கடியையும் ஒரே மூச்சில் கொட்டி மேலே ஒரு முறை ரோலர் ஓட்டினால் மேல் அரையடி மட்டும் கெட்டியாகும், கீழே பஞ்சுபோல் கிடக்கும். பேஸ்மட்டத்துக்குள் நிரப்பும் மண்ணுக்கும் இதுதான் விதி. திமிசு போடாமல் நிரப்பிய வீட்டில் என்ன ஆகும் என்பதை, முடிந்து ஒரு மழைக்காலம் கண்ட வீடு ஒன்றுக்குள் போய்ப் பார்க்கலாம். கூடத்தில் குனிந்து, சுவரடியில் ஒட்டியிருக்கும் டைல்ஸ் பட்டைக்கும் தரை டைல்ஸுக்கும் நடுவில் பாருங்கள். அங்கே ஒரு அட்டை நுழையும் சந்து விழுந்திருந்தால், சுவர் தூணோடு நின்றுவிட்டது, தரை மட்டும் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள். அதே மேஸ்திரி, அதே மண் என்றால் உங்கள் வீட்டிலும் இது நடக்கும். வெள்ளை சிமென்ட் பூசி மறைத்திருந்தாலும் கோடு தெரியும்.

மழைத்தண்ணீர் எங்கே போகும் என்பதை டெல்டாவில் வாங்குகிறவர்கள் கேட்பதே அரிதாக இருக்கிறது. இங்கே நிலம் தட்டை. தண்ணீர் தானாக ஓடிவிடாது, வடிகால் தேவை. பாசன வாய்க்காலும் வடிகாலும் வேறு வேறு என்பது விவசாயக் குடும்பத்துக்குச் சொல்லாமலே தெரியும், ஆனால் மனைப்பிரிவு வரைபடத்தில் இரண்டும் ஒரே நீலக்கோடாகத்தான் இருக்கும். நகருக்குள் விழும் மழையைப் பாசன வாய்க்காலில் விட்டிருந்தால், நவம்பரில் வாய்க்கால் கரைதொட ஓடும்போது அதில் இறங்க இடமிருக்காது. தண்ணீர் எதிர்த்து உள்ளே வரும். வெளியே போகும் குழாயின் முனை வரை நடந்து போய்ப் பாருங்கள். எதில் விழுகிறது, அந்தக் குழாயின் அடிமட்டம் வாய்க்காலின் நிறைமட்டத்துக்கு மேலே இருக்கிறதா, அதற்கப்பால் வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறதா என்று கவனியுங்கள். முடிந்தால் மழைக்காலத்தில் ஒரு முறை போங்கள். முடியாவிட்டால் பக்கத்து வயல்காரரிடமும் ஊர்த் தலையாரியிடமும் "இங்க எது வரைக்கும் தண்ணி நிக்கும்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்கு எந்த விளம்பரத் தாளும் ஈடாகாது. பேஸ்மட்டம் சாலையைவிட மூன்றடியாவது உயரம் இருப்பது நல்லது, ஏனென்றால் சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் அது உயர்ந்துகொண்டே போகும், வீடு உயராது.

செப்டிக் டேங்கும் இதோடு சேர்ந்ததுதான். உறை இறக்கிய உறிஞ்சுகுழி வல்லம் பக்கம் நன்றாக வேலை செய்யும். நீர்மட்டம் ஏறியிருக்கும் களிவயலில் அந்தக் குழி உறிஞ்ச முடியாது, தானே நிரம்பிக் கழிவறை வழியாகத் திரும்பி வரும். நூறு வீட்டுக்கும் பொதுவாகக் குழாய் போட்டு ஒரே சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோவதுதான் இங்கே ஏற்றது. அந்த நிலையம் எத்தனை வீட்டுக்குப் போதும், யார் நடத்துவார்கள், சுத்தமான நீர் எங்கே போகும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு தொட்டி என்றால் அது உள்ளும் வெளியும் நீர்புகாமல் பூசப்பட்டிருக்க வேண்டும். காலியாக இருக்கும் சம்ப்பையும் தொட்டியையும் நிலத்தடி நீர் கீழிருந்து தூக்கும் என்பதால் அடித்தளக் காங்கிரீட்டின் கனத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப் பத்திரம். டெல்டாவின் பழைய பத்திரங்கள் வேலி, மா, குழியில் பேசும். பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். நிறுவனம் சதுர அடியில் விற்கும். மூன்றையும் நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். தஞ்சைப் பக்கத்துக் கணக்கில் 1 குழி 144 சதுர அடி, 100 குழி 1 மா, 20 மா 1 வேலி. மூலப்பத்திரம் 7 மா 40 குழி என்று சொன்னால் அது 1,06,560 சதுர அடி, ஏறக்குறைய 2 ஏக்கர் 45 சென்ட், ஹெக்டேரில் 0.99. பட்டாவில் 0.91 என்று இருந்தால் 8,600 சதுர அடி எங்கே போயிற்று? பல நேரம் அது வாய்க்கால் புறம்போக்காகவோ வண்டிப்பாதையாகவோ இருக்கும். அதையும் சேர்த்து மனை பிரித்திருந்தால், யாரோ ஒருவருடைய வீட்டுச் சுவர் வாய்க்காலில் நிற்கிறது. கிராமத்தின் புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) எடுத்து, நிறுவனத்தின் மனை வரைபடத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புலப்படத்தில் வாய்க்கால் என்று இருக்கும் துண்டு மனை வரைபடத்தில் பூங்காவாகவோ சாலையாகவோ மாறியிருந்தால் அந்தத் திட்டத்தை விட்டுவிடுவதே மேல். கீழ்மடை வயல்களுக்குத் தண்ணீர் நின்றுபோனால் விவசாயிகள் வழக்குப் போடுவார்கள். நியாயமும் அவர்கள் பக்கம்தான். கிராமத்தின் நில வகைகளைச் சொல்லும் அ-பதிவேட்டு நகலில் அந்த சர்வே எண்ணின் வகைப்பாடு என்ன என்றும் பாருங்கள்.

கோயில் நிலம், மடத்து நிலம், சத்திரத்து நிலம் என்பது இந்தப் பகுதிக்கே உரிய கவலை. தஞ்சாவூர் அரண்மனை தேவஸ்தானம், தருமபுரம், திருவாவடுதுறை, திருப்பனந்தாள் மடங்கள், ஊருக்கு ஊர் இருக்கும் சிவன் கோயில், பெருமாள் கோயில் என்று இங்கே வயல்களில் கணிசமானவை அறநிலையங்களுக்குச் சொந்தம். இந்து சமய அறநிலையச் சட்டம் 1959இன் 34ஆம் பிரிவுப்படி ஆணையரின் அனுமதியில்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. எத்தனை கை மாறியிருந்தாலும் செல்லாதது செல்லாததுதான். ஆகவே முப்பது வருட வில்லங்கச் சான்றோடு நிறுத்தாமல், நிலவுடைமைப் பதிவேடுகளின் பழைய காலம் வரை போய், முதலில் யார் பெயரில் இருந்தது என்று பார்க்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். அறநிலையத் துறையின் இணையதளத்திலும் கோயில் வாரியாக நில விவரம் இருக்கிறது. 1975 முதலான வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, குத்தகை. சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955இலிருந்து இருக்கிறது, குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. நிலச்சொந்தக்காரர் விற்றுவிட்டுப் போனாலும், பதிவேட்டில் பெயர் இருக்கும் குத்தகைதாரரின் உரிமை அதோடு போய்விடாது. அவர் முறைப்படி விட்டுக்கொடுத்ததற்கு ஆவணம் வேண்டும். மூன்றாவது, பெண்பிள்ளைகள். பூர்வீக நிலத்தில் மகள்களின் கையெழுத்து இல்லாமல் அண்ணன் தம்பிகள் மட்டும் விற்ற பத்திரங்கள் இங்கே ஏராளம். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் வந்த 1989 திருத்தமும், நாடு முழுவதற்கும் 2005 திருத்தமும் மகளுக்குச் சமபங்கு தருகின்றன. வாரிசுச் சான்றில் இருக்கும் எல்லாப் பெயரும் விற்பனைப் பத்திரத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். நிறுவனம் நிலத்தை வாங்காமல், சொந்தக்காரர்களிடம் பவர் வாங்கி மட்டும் கட்டியிருந்தால், அந்தப் பவர் பதிவானதா, ரத்தாகவில்லையா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதும் உங்கள் வேலை.

"பேங்க் அப்ரூவல் இருக்கு" என்று விற்பனையாளர் சொல்வார். வங்கி பார்ப்பது தன் கடனுக்குப் போதுமான பிணையம் இருக்கிறதா என்பதை. அதன் வக்கீல் தரும் கருத்து உங்களுக்கு உத்தரவாதம் ஆகாது. ஆனாலும் அந்தக் கட்டணத்தை நீங்கள்தான் கட்டுகிறீர்கள், நகலைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனமே அந்த நிலத்தை வேறு வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கலாம். அது வில்லங்கத்தில் தெரியும். அப்படியென்றால் உங்கள் வீட்டு எண்ணைக் குறிப்பிட்டு அந்த வங்கி தரும் தடையின்மைக் கடிதம் இல்லாமல் பத்திரம் பதியக் கூடாது.

அனுமதிகளைப் பற்றி ஊரில் இரண்டு தவறான பேச்சு உண்டு. ஒன்று, பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப அனுமதி வேண்டும், உள்ளாட்சியின் இறுதி அனுமதி அதன் பிறகுதான். இன்னொன்று, வேளாண் மண்டலம் என்று அறிவித்துவிட்டதால் இங்கே வீடே கட்டக்கூடாது என்பது. 2020ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயுக் கிணறுகள், உருக்காலை, தோல் பதனிடுதல் போன்ற பட்டியலிட்ட தொழில்களை. வீட்டுக்கு வேண்டியது நிலப்பயன் மாற்றம். முழுமைத் திட்டத்துக்குள் (மாஸ்டர் பிளான்) வரும் இடமென்றால் அதில் குடியிருப்புப் பகுதியாக இருக்க வேண்டும், இல்லையேல் மாற்றிய ஆணை வேண்டும். திட்டப் பகுதிக்கு வெளியே என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் இசைவு வேண்டும். நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். உங்கள் குடும்பத்துக்கு இது இன்னொரு வகையிலும் முக்கியம். வெளிநாட்டில் வசிப்பவர் வீடு வாங்கலாம், விவசாய நிலம் வாங்கக் கூடாது. கணவர் பெயரில் எழுதும் பத்திரத்தில் அந்த மனை இன்னும் "நஞ்சை" என்று இருந்தால் சிக்கல்.

மனைப்பிரிவில் சாலையும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதிக்கொடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் பத்து சதவீதம் திறந்தவெளியாக ஒப்படைத்தாக வேண்டும். சுற்றுச்சுவர் கட்டிக் காவலாளி போட்ட நகரில் "இது எங்கள் தனிச்சாலை" என்று நிறுவனம் சொல்லி, அனுமதி வரைபடம் வேறு சொன்னால் நாளை சாலை செப்பனிட யாரும் வரமாட்டார்கள்.

ரெரா எனப்படும் வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவு 500 சதுர மீட்டருக்கு மேலோ 8 வீட்டுக்கு மேலோ இருந்தால் கட்டாயம். பதிவுக்கு முன் விளம்பரம் செய்வதும் பணம் வாங்குவதும், அதற்கு "விருப்பத் தொகை" என்று பெயர் வைத்தாலும், சட்டப்படி தவறு. தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்கும்போது, நிறுவனத்தின் பெயரோடு நிற்காமல் உங்கள் வீட்டு எண் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று தேடுங்கள். முதல் கட்டத்துக்குப் பதிவு இருக்கும், நீங்கள் பார்த்த வீடு இரண்டாம் கட்டத்தில் இருக்கும். முடிக்க வேண்டிய தேதி கடந்துவிட்டதா, நீட்டித்தார்களா என்பதும் அங்கேயே தெரியும்.

விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்க வேண்டுமானால் முதலில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். உங்களுக்கு அந்த எல்லை 4.4 லட்சம். எனவே அவர்கள் கேட்கும் 2 லட்சம் சட்டத்துக்கு உட்பட்டதுதான், ஆனால் ரசீதில் வீட்டு எண், முழு விலை, எந்தெந்தச் சூழலில் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பது எழுதியிருக்க வேண்டும். குறைந்தது "பத்திர ஆய்வில் குறை இருந்தால் முழுத்தொகையும் திரும்ப" என்ற ஒரு வரி இல்லாமல் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று இடத்தை விரலை வைத்துப் படியுங்கள். ஒப்படைக்கும் தேதி மாதம், வருடத்தோடு இருக்க வேண்டும். தவறினால் நீங்கள் கேட்கும் வட்டி தமிழ்நாடு விதிப்படி பாரத ஸ்டேட் வங்கியின் உச்ச எம்சிஎல்ஆர் விகிதத்தோடு (வங்கி தன் கடன்களுக்கு வைக்கும் அடிப்படை வட்டி) 2 சதவீதம் சேர்த்தது. விலக்குக்குச் சட்டம் சொல்வது போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் போன்ற பேரிடர். வருடாவருடம் வரும் ஐப்பசி, கார்த்திகை மழை அதில் வராது. "மழையால் தாமதம்" என்று பொதுவாக எழுதியிருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, "அல்லது அதற்கு இணையான" என்ற சொற்கள். கம்பி, சிமென்ட், வயர், குழாய், கதவு எல்லாவற்றிலும் பெயரும் அளவும் எழுதாமல் இந்தச் சொல்லை மட்டும் போட்டிருந்தால் மாதிரி வீட்டில் பார்த்தது உங்கள் வீட்டில் இருக்காது. மூன்றாவது, பரப்பு. 1,150 சதுர அடி என்று சொன்னால் அதில் கார்பெட் பரப்பு எவ்வளவு? வெளிச்சுவர், பால்கனி, திறந்த மாடி நீங்கலாக, உள்தடுப்புச் சுவர்களைச் சேர்த்து உள்ளே புழங்கும் இடம்தான் அது. விலையை அதால் வகுத்துப் பார்த்த பிறகே வேறு வீட்டோடு ஒப்பிடுங்கள்.

வரியில் உங்களுக்கு ஒரு வாய்ப்பும் ஒரு பொறியும் உண்டு. பெருநகர் அல்லாத ஊர்களில் கார்பெட் பரப்பு 90 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 968 சதுர அடிக்குள்ளும், மொத்த விலை 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால் ஜிஎஸ்டி 1 சதவீதம். மீறினால் 5 சதவீதம். கார் நிறுத்தம், மூலை வீடு, பொது வசதி என்று அவர்கள் தனியாகச் சேர்ப்பதும் அந்த 45 லட்சத்துக்குள் கணக்காகும். 44 லட்சத்துக்கு வரி 44,000 ரூபாய். கூடுதல் கட்டணங்கள் சேர்ந்து 46 லட்சம் ஆனால் வரி 2,30,000. முடிவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது, அதனால் அதே நகரில் முடிந்து நிற்கும் வீட்டையும் விலை கேட்டுப் பாருங்கள்.

பதிவுச் செலவு எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. தனி வீட்டை நிலத்தோடு சேர்த்து விற்றால் முத்திரை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம், 44 லட்சத்துக்கு 3.96 லட்சம். நிலத்தை மட்டும் முதலில் கிரயம் செய்து, கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் போட்டால் அந்த ஒப்பந்தத்துக்கு 1 சதவீத முத்திரையும் 3 சதவீதப் பதிவுக் கட்டணமும். நிலம் 14 லட்சம், கட்டுமானம் 30 லட்சம் என்றால் மொத்தம் 2.46 லட்சம்தான். உங்கள் வீடு பேஸ்மட்டத்தில் இருப்பதால் இது முறையானதே. முழுக்கக் கட்டி முடித்த வீட்டை இப்படிப் பிரித்துக் காட்டினால் பிற்பாடு முத்திரைக் குறைவு என்று நோட்டீஸ் வரும். அடுக்குமாடியின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரிலிருந்து வேறு கணக்கு, 50 லட்சம் வரை 6 சதவீதம், 3 கோடி வரை 7. விகிதங்கள் மாறக்கூடியவை, பதியும் வாரத்தில் மறுபடி பாருங்கள். வங்கிக் கடன் 30 லட்சத்தைத் தாண்டினால் விலையில் 80 சதவீதம் வரைதான், அதாவது 35.2 லட்சம். பதிவுச் செலவு அதில் சேராது.

கணவர் பதிவுக்கு வர முடியாவிட்டால் துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றுப் பவர் அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரை செலுத்தியாக வேண்டும். தபால் உறையைப் பத்திரமாக வையுங்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

தவணை வேலையைப் பின்தொடர வேண்டும், முந்தக் கூடாது. "ரூஃப் போட்டாச்சு" என்று கடிதம் வந்தால் போய்ப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். போகும்போது மூன்றை மட்டும் பார்த்தால்கூடப் போதும். கம்பி கட்டியபின் காங்கிரீட்டுக்கு முன், அடியில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் சிறு கட்டை) வைத்திருக்கிறார்களா: கூரைக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50. கூரையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறதா: இப்போது பெரும்பாலும் பயன்படும் கலப்பு சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும், நம் வெயிலுக்கு 14 நாள். தண்ணீர் எப்படிப்பட்டது: கடலோரம் போகப் போக போர் நீரில் உப்பு ஏறும். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. மீறினால் சில வருடங்களில் கம்பி துருப்பிடித்து உப்பி, கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து விழும். தஞ்சாவூரில் இது அவ்வளவு இல்லை. நாகை, வேதாரண்யம் பக்கம் வீடு பார்ப்பவர்கள் இதை முதலில் கேட்க வேண்டும்.

சாவி வாங்கும் நாளில் ஒரு வாளி, ஒரு நாணயம், ஒரு டெஸ்டர், ஒரு பென்சில், பகல் வெளிச்சம் போதும். நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டுங்கள். டொக்கு டொக்கென்று வெற்றொலி வந்தால் அடியில் சிமென்ட் பிடிக்கவில்லை, பென்சிலால் குறியிடுங்கள். குளியலறையில் வாளித் தண்ணீரைக் கதவோரத்தில் ஊற்றுங்கள், ஐந்து நிமிடத்தில் முழுதும் ஓட்டைக்குப் போக வேண்டும், மூலையில் தேங்கக் கூடாது. மொட்டைமாடியில் குழாய்களை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தி, கீழே கூரையில் ஈரம் கோக்கிறதா என்று பார்க்க அனுமதி கேளுங்கள். தட்டோடு பதித்த பிறகு ஒழுகினால் எங்கே ஓட்டை என்று தேடுவதே பெரும்பாடு. எலக்ட்ரிக்கல் பெட்டியில் கசிவு மின்தடுப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் உடனே கீழே விழ வேண்டும். சுவரடியில் ஒரு அடி உயரத்துக்கு ஓதம் அடித்து உப்புப் பூத்திருந்தால், பிளிந்த் பீமுக்கு மேல் ஓதம் தடுக்கும் பூச்சு சரியாகப் போடவில்லை. பெயின்ட் அடித்து அது போகாது.

விரிசல் எல்லாம் ஒன்றல்ல. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக வருவது, அங்கே கோழிவலை வைத்துப் பூசாததால் வருவது. பார்க்க அசிங்கம், ஆபத்தில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, மேலே போகப் போக அகலமாகும் விரிசல் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதைக் காட்டுகிறது. அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு மாதத்தில் கோட்டைத் தாண்டினால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டி வந்தாக வேண்டும்.

மின்இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில் இருக்கிறது என்று மீட்டர் அட்டையில் பாருங்கள். இன்னும் தற்காலிகக் கட்டுமான இணைப்பிலேயே விட்டிருந்தால் யூனிட்டுக்கு அதிகம் கட்டுவீர்கள். முடிவுச் சான்று வரவில்லை என்பதற்கும் அது அடையாளமாக இருக்கலாம். சிறிய தனி வீடுகளுக்கு முடிவுச் சான்றில் விலக்கு இருக்கிறது, உங்கள் வீடு அதில் வருகிறதா என்பதை எழுத்தில் கேளுங்கள். பட்டா உட்பிரிவு செய்து உங்கள் மனைக்குத் தனி எண் வந்துவிட்டதா, சொத்துவரி உங்கள் பெயருக்கு மாறியதா, சங்கம் அமைத்துப் பராமரிப்பு வைப்புத்தொகையை எப்போது அதனிடம் கொடுப்பார்கள் என்பதையும் சாவியோடு சேர்த்தே முடித்துவிடுங்கள்.

வீட்டை உங்களிடம் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடம் வரை கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று ரெரா சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. பராமரிப்பு மேனேஜரிடம் வாயால் சொல்வது கணக்கில் வராது. தேதியிட்ட படங்களோடு மின்னஞ்சலும், ஒப்புகையுடன் ஒரு தபாலும் அனுப்புங்கள். முதல் கடிதத்தை முதல் மழைக்காலம் முடிந்ததும் தை மாதத்தில், வீட்டை மறுபடி ஒரு முறை மேலிருந்து கீழ்வரை தட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். தரை இறங்கியதும் ஓதம் ஏறியதும் வடிகால் எதிர்த்ததும் அதற்குள் வெளியே வந்திருக்கும்.